சாய்ந்த மரத்தின் அந்தப் பக்கம்

கை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

முதலில் பார்த்தவள் இன்கெரி. அவளுக்குப் பின்னால், இரவு மழையில் ஊறிய பாசியில் வழுக்கிவிடாமல் கால் ஊன்றி வந்துகொண்டிருந்தாள் ஹெல்மி. வாய் மட்டும் அண்ணனைத் திட்டுவதை நிறுத்தவில்லை.

"எழுபது வயசாச்சு, சின்னப்பிள்ளை மாதிரி காட்டுக்குள்ள ஓடிட்டாரு. காபி ஆறி அவலாப் போச்சு. வரட்டும், பேசிக்கிறேன்."

இன்கெரி திரும்பி அவள் தோள்களைப் பிடித்தாள். "அங்க பாக்காதீங்க, ஹெல்மி."

பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? ஹெல்மி எட்டிப் பார்த்தாள். மண்ணுக்குள்ளிருந்து நீட்டிய கையில் நீலச் சட்டையின் மடிப்புக் கலையாத மணிக்கட்டுப் பட்டி.

"அது விசேஷத்துக்குப் போடுற சட்டை," என்றாள் ஹெல்மி, யாருக்கோ விளக்கம் சொல்வதுபோல. "நீங்க வர்றீங்கன்னு காலையில எடுத்துப் போட்டாரு." அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. பல் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

போன வாரப் புயலில் விழுந்த மரம் அது. நூறு வயதுக்கு மேலான ஸ்ப்ரூஸ், ஊசியிலை மரம். இந்த மரம் முறிவதில்லை, வேரோடு சாயும். அடியிலிருக்கும் மண்ணும் வேரும் ஒரே பாளமாகப் பெயர்ந்து, ஆள் உயரச் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். சுவருக்குப் பின்னால் பெரிய குழி இருக்கும். மரம் கிடக்கிறவரை அதன் பாரமே சுவரைப் பிடித்து வைத்திருக்கும். மரத்தை அறுத்து விட்டாலோ, பிடி விட்ட கதவு மாதிரி வேர்ப்பாளம் மறுபடி குழிக்குள் விழுந்து மூடிக்கொள்ளும். கண் சிமிட்டும் நேரம்தான்.

இப்போது மூடிக்கொண்டிருந்தது. அறுபட்ட அடிமரம் ஒன்றுமே நடக்காததுபோல நேராக நின்றது. அதற்கு அடியில் ஹெல்மியின் அண்ணன் தாவேத்தி கொர்ப்பெலா.

இன்கெரி வாலோனெனுக்கு அந்த வட்டாரத்தில் காட்டு உதவித் திட்டங்களை நடத்துவது வேலை. தனியார் காடு வைத்திருப்பவர்கள் கன்று நடவும், புயலில் விழுந்ததை அகற்றவும், விரும்பினால் பழைய காட்டை என்றைக்கும் வெட்டாமல் பாதுகாக்கவும் அரசு உதவும். அந்த உதவியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் அவள். பாதி வீட்டில் காபி கொடுப்பார்கள், பாதி வீட்டில் நாயை அவிழ்த்து விடுவார்கள். தாவேத்தி காபி கொடுக்கிற ரகம். ஏரிக்கரையில் அப்பா விட்டுப்போன பழங்காட்டைப் பாதுகாப்பில் சேர்க்க ஒரு வருஷமாக நடந்தார். காடு அண்ணன் தங்கை இருவர் பேரிலும் இருந்தது. இருவரும் சம்மதிக்க வேண்டும். காட்டைச் சுற்றிப் பார்த்து, எங்கே எல்லைக்கோடு என்று முடிவுசெய்யத்தான் அன்றைக்கு இன்கெரி வந்திருந்தாள்.

அவள் போலீஸைக் கூப்பிட்டாள். லஸ்ஸி வந்தான். அவளைவிட இளையவன், ஒரே பள்ளியில் படித்தவன்.

சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "புயலுக்கு அப்புறம் எங்கயாவது ஒருத்தர் இப்படிப் போயிடுறாங்க, அக்கா. தனியா வந்து அறுத்திருக்காரு. பாவம்."

"யாரு அறுத்தது?"

"இவர்தான். வேற யாரு? இவரோட மெஷின்தானே அது?"

அடிமரத்துக்கு இந்தப் பக்கம், படுத்துக்கிடந்த மரத்தின் ஓரமாக, தாவேத்தியின் மோட்டார் ரம்பம் இருந்தது.

"லஸ்ஸி, அறுக்கிறவன் எங்க நிப்பான்?"

"மரத்துப் பக்கம்."

"மெஷின் மரத்துப் பக்கம் இருக்கு. ஆள் ஏன் குழிக்குள்ள இருக்காரு? பாளம் விழ எவ்வளவு நேரம் ஆகும்? அறுத்து முடிச்சு, மெஷினை அணைச்சு வச்சிட்டு, சுத்திப் போய் உள்ள இறங்குற வரைக்கும் அது காத்திருக்குமா?"

லஸ்ஸி ரம்பத்தையும் மண்ணுக்கு வெளியே நீட்டிய கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னொண்ணு. புயலுக்கு அப்புறம் காட்டுக்காரங்களுக்கு நான் பாதுகாப்பு வகுப்பு எடுப்பேன். 'அறுக்கும்போது குழிப்பக்கம் போகாதீங்கடா'ன்னு பின்வரிசையில இருந்து கத்துறது யாருன்னு நினைக்கிற? தாவேத்திதான். தலைக்கவசமும் இல்ல. நல்ல சட்டை போட்டுக்கிட்டு எவன் மரம் அறுப்பான்? அதுவும் இந்த மரத்தை! விழுந்த மரம் கிடந்து மக்கணும்னு ஆசைப்பட்டவர் அவரு. யாரோ அறுத்திருக்காங்க, இவர் உள்ள நிக்கும்போதே."

லஸ்ஸி தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

பாளத்தைத் தூக்க வண்டி வேண்டும். கூப்பிடுவதற்கு முன்பே பக்கத்துக் காட்டுக்காரன் ரைமோ தன் மரம் தூக்கும் வண்டியோடு வந்துவிட்டான். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரன். தாவேத்தியோடு ஒன்றாகப் பள்ளிக்குப் போனவன். நாற்பது வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவருக்கும் ஒரே சௌனாவில்தான் நீராவிக் குளியல். கண் சிவந்திருந்தது.

"வேற எவனும் அவன் மேல கை வைக்கக் கூடாது. நானே தூக்குறேன்," என்றான்.

இரும்புக் கை வேரைப் பற்றித் தூக்கியது. தாவேத்தியை வெளியே எடுத்தார்கள். ஹெல்மி அப்போதுதான் அழுதாள். இருமல்போல ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"பாளத்தை இறக்கி மண்ணைத் தள்ளிடறேன்," என்று வண்டியிலிருந்து ரைமோ கத்தினான். "இன்னொருத்தன் விழுந்து தொலைக்கப் போறான்."

"இருங்க. இறக்காதீங்க."

இன்கெரி தள்ளி நின்றே குழிக்குள் பார்த்தாள். உடல் கிடந்த இடத்தில் ஒரு கல், பானை அளவு இருக்கும். கல்லின் உச்சியில் சிலுவைக் குறி வெட்டியிருந்தது. அதன்மேல் சாம்பலும் மஞ்சளுமாக, நசுங்கிப்போன கல்பாசி. கொர்ப்பெலா நிலத்தின் எல்லைக்கல்! போன பனிக்காலத்திலிருந்து காணோம் என்று எல்லோரும் தேடிய கல்.

வண்டியை அப்படியே நிறுத்திச் சாவியை வாங்கிக்கொள்ளும்படி லஸ்ஸியின் காதில் சொன்னாள். பிறகு படுத்துக்கிடந்த மரத்தின் அறுத்த வாயருகே குனிந்தாள். கீழே மரத்தூள் கிடந்தது. விரலால் கிளறினாள். மேலே வெள்ளையாக, பொலபொலவென்று ஒரு கைப்பிடி. அதற்கு அடியில் நிறைய, மழையில் ஊறிக் கருத்து, களிபோல மண்ணோடு ஒட்டியிருந்தது.

லஸ்ஸி அதற்குள் ஹெல்மியிடம் போயிருந்தான்.

"காலையில எங்க இருந்தீங்க?"

"வீட்டுல."

"யாராவது பாத்தாங்களா?"

"பூனை."

"உங்களுக்கும் அண்ணனுக்கும் சண்டைன்னு ரைமோ சொல்றாரு. ஞாயித்துக்கிழமை முற்றத்துல நின்னு கத்துனீங்களாம்."

"ஆமா, கத்தினேன்."

"எதுக்கு?"

"அது எங்க வீட்டு விஷயம்."

"பாதுகாப்புத் திட்டத்துல சேர உங்களுக்கு இஷ்டமில்ல. அண்ணன் போயிட்டா காடு முழுசும் உங்களுக்கு. சரிதானே?"

ஹெல்மி அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் லஸ்ஸி ஓரடி பின்வாங்கினான்.

"காலையில அவருக்கு ஒரு போன் வந்துச்சு," என்றாள். "யாருன்னு தெரியல. 'கிடைச்சிருச்சா!'ன்னு சந்தோஷமாக் கத்தினாரு. காபியக்கூடக் குடிக்காம ஓடினாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

லஸ்ஸி இன்கெரியிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். "போன் நசுங்கிக் கிடக்கு. யாரு பேசினான்னு கம்பெனியில கேட்டுத்தான் வாங்கணும். எனக்கென்னவோ இந்தம்மா கதை விடுதுன்னு தோணுது."

"விடல," என்றாள் இன்கெரி. "எல்லாரும் வீட்டுக்கு வாங்க. ரைமோவையும் கூப்பிடு. நீ கதவுப் பக்கம் உக்காரு."

கொர்ப்பெலா வீட்டுச் சமையலறையில் ஹெல்மி காபி ஊற்றினாள். கம்பு ரொட்டியும் வெண்ணெயும் எடுத்து வைத்தாள். யாரும் தொடவில்லை. ரைமோ தொப்பியை முழங்காலில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இந்தச் சாவு நேத்தே தொடங்கிருச்சு," என்றாள் இன்கெரி. "மரத்துக்கு அடியில ரெண்டு விதமான தூள் கிடக்கு. ஊறின தூள் மழைக்கு முன்னாடி விழுந்தது. காஞ்ச தூள் மழை விட்ட அப்புறம், அதாவது இன்னைக்குக் காலையில விழுந்தது. யாரோ நேத்தே மரத்தை அடியிலருந்து முக்காலும் அறுத்து, மேல ஒரு பட்டையை மட்டும் விட்டிருக்காங்க. வெட்டு தெரியாம கிளையைப் போட்டு மூடியிருக்காங்க. பாக்குறவனுக்கு முழு மரம். தாவேத்தி நம்பி இறங்கினாரு. அவர் உள்ள குனிஞ்சதும் மிச்சத்தை ஒரே இழுப்பு. மெஷின் சத்தம் கேட்டு நிமிர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

ஹெல்மி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து மழை தொடங்கினது சாயந்திரம். அதுவரைக்கும் ஹெல்மி என் ஆபீஸ்ல என் எதிர்ல உக்காந்திருந்தாங்க. கார் ஓட்டிக் கூட்டிட்டு வந்ததே தாவேத்திதான். ரெண்டு பேரும் வீடு திரும்பும்போது கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அப்ப பகல் முழுக்க இங்க யாருமில்ல. மெஷின் இருந்த கொட்டகைக்குப் பூட்டும் கிடையாது. அது தெரிஞ்சவன்தான் வந்திருக்கான்."

"ஊருக்கே தெரியும், இங்க எவன் கொட்டகையப் பூட்டுறான்?" என்றான் ரைமோ.

"சரி, தாவேத்தி ஏன் குழிக்குள்ள இறங்கினாரு? உள்ள எல்லைக்கல் இருந்துச்சு. காலையில போன்ல 'கிடைச்சிருச்சா'ன்னு அவர் கத்தினது அதுக்குத்தான்."

"அப்போ புயல்ல மரம் பேந்தப்ப கல்லு வெளிய வந்திருக்கும். அத எவனோ பாத்து..."

"கல்லு மேல கல்பாசி இருக்கு, ரைமோ."

"இருந்தா என்ன?"

"அதுக்கு வெளிச்சம் வேணும். மண்ணுக்கடியில முளைக்காது. அந்த மரம் நூறு வருஷமா அங்க நின்னுச்சு. அதோட வேருக்கு அடியில இருந்த கல்லுன்னா மொட்டையாத்தான் இருக்கணும். இந்தக் கல்லு போன பனிக்காலம் வரைக்கும் வெயில்லயும் மழையிலயும் நின்ன கல்லு. புயலுக்கு அப்புறம் யாரோ கொண்டு வந்து போட்டிருக்காங்க, எலிப்பொறியில ரொட்டி வைக்கிற மாதிரி. அதைப் பிடுங்கி வச்சிருந்தவன்தானே அதைக் கொண்டு வந்து போட முடியும்? எல்லைக்கல்லை எவன் பிடுங்குவான்? எல்லை தாண்டி வெட்டினவன். அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் தாவேத்தி. அந்தப் பக்கம் யாரு?"

லஸ்ஸி எழுந்து கதவை மறைத்து நின்றான்.

"குழிய உடனே மூடணும்னு துடிச்சீங்களே," என்றாள் இன்கெரி மெதுவாக. "நானும் முதல்ல பாசம்னுதான் நினைச்சேன்."

ரைமோவின் கையிலிருந்து தொப்பி நழுவியது.

"பனி கண்ணை மறைச்சுது," என்றான் தரையைப் பார்த்தபடி. "முதல் மரம் தெரியாமத்தான் வெட்டினேன். அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நிறுத்தல. நல்ல மரம், ஒரு துண்டு நிலம் முழுக்க. கல்லைப் பிடுங்கிட்டா கோடு எங்கன்னு எவனுக்குத் தெரியும்னு நினைச்சேன். இவன் என்னடான்னா சௌனாவுல உக்காந்துக்கிட்டு, 'இன்கெரி வர்றா, கல்லைக் கண்டுபிடிச்சே ஆகணும், இல்லன்னா நில அளவைக்காரன் வருவான்'னு வாராவாரம் சொல்றான். திருட்டுப்பயன்னு பேரு வந்தா எனக்கு எவன் காட்டைக் கொடுப்பான்? ஹெல்மிக்கு இஷ்டமில்லன்னு நினைச்சேன். அவன் இல்லன்னா இந்தத் திட்டமே நின்னுடும், யாரும் அளக்க வர மாட்டாங்கன்னு..."

"நிறுத்து," என்றாள் ஹெல்மி.

அவள் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நேத்து நான் எதுக்கு ஆபீஸுக்குப் போனேன்? இன்கெரி, சொல்லுங்க அவன்கிட்ட."

இன்கெரி அவளைப் பார்த்தாள். "பாதுகாப்புக் கோட்டைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடலாமான்னு கேட்டீங்க. கரையோரத்துல ஒரு துண்டை வெளிய விடணும்னு. போடலாம், ஆனா உங்க நிலம் எங்க முடியுதுன்னு முதல்ல தெரியணும்னு சொன்னேன். ஏன்னு நீங்க சொல்லல." சொல்லும்போதே அவளுக்கு விளங்கியது. கை தானாக வாய்க்குப் போனது.

"அண்ணனுக்குத் தெரியும், ரைமோ. வசந்தத்துல பனி உருகினப்பவே தெரியும். அப்பா நட்ட மரம் எதுன்னு அவருக்குத் தெரியாதா? அந்தத் துண்டை உன் பேருக்கே எழுதிடணும், ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாதுன்னார். 'அவனுக்கு அவமானம் வந்தா தாங்க மாட்டான்'னு சொன்னாரு. அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை நான் கத்தினேன். திருடனுக்கு ஏன் தாரை வார்க்கிறீங்கன்னு கத்தினேன்!"

ரைமோ எழப் பார்த்தான். முடியவில்லை. நாற்காலியோடு சரிந்து, சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தான்.

"ஒரு வார்த்தை... அவன் ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்லுவேன்னு காத்திருந்தாரு," என்றாள் ஹெல்மி. "ஒவ்வொரு சனிக்கிழமையும்."