நாலாவது தையல்

பயிற்சிப் பெட்டிக்குள் இருந்த கேமராவில் ஆவி படிந்ததுதான் அன்புச்செல்விக்கு முதலில் உறுத்தியது. நோயாளியின் வயிற்றுக்குள் விட்டால் கேமரா மங்கும். உள்ளே சூடு, ஈரம். இதுவோ துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனைப் பழகிப் பார்க்கிற வெறும் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நடுவில் கீறிய ஒரு ரப்பர் துண்டு, அவ்வளவுதான்.

விழுப்புரத்தைத் தாண்டித் திண்டிவனம் போகும் சாலையில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் பயிற்சி அறைக்கு ஜன்னலே கிடையாது. நீளமான இரண்டு இடுக்கிகளைப் பெட்டியின் துளை வழியாக விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே கீறலைத் தைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை சொதப்பியாயிற்று. இன்று நாலு தையலும் இறுகி நின்றால்தான் சீஃப் டாக்டர் அவளை நாளைக்கு ஆபரேஷனில் கை வைக்க விடுவார். இல்லாவிட்டால் வருஷம் முழுக்க ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"சாமானுங்க காணாமப் போவுது மேடம். பூட்டிக்கினு போறேன், ஜல்தியா சாப்ட்டு வந்து தொறக்கிறேன்" என்று காவலாளி வல்லரசு சொன்னபோது, தொல்லை விட்டது என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

கேமராவை உருவித் துடைத்து மறுபடி செருகினாள். படம் தெளிந்தது, மங்கியது, தெளிந்தது. ஏசியின் உறுமலுக்கு அடியில் யாரோ மூச்சு இழுப்பது போல மெல்லிய சத்தம். ரப்பர் நெடியோடு, சற்றுமுன் அவள் குடித்த காபியின் வாசனையும் அந்தத் துளை வழியாக வந்தது. முதல் தையல் இறுகியது. இரண்டாவது அதைவிட அழகு. இத்தனை நாள் போக்குக் காட்டிய வித்தை கைக்கு வந்துவிட்டதே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. மூன்றாவதில் உதட்டோரம் சுருக்கென்றது.

நாக்கால் தடவினாள். ரத்தம் கரித்தது.

டிவியில், கீறலுக்கு அப்பாலிருந்து சிவப்பாக, ஈரமாக ஒன்று நீண்டு, ஊசியைத் தடவிவிட்டு உள்ளே போனது.

பயத்தில் மூச்சைப் பிடித்தாள். படம் மங்கவில்லை. பளிச்சென்று தெரிந்தது. மேலே பல்வரிசை. கீழே பல்வரிசை. உதட்டுக்குக் கீழே மச்சம். அவளுடைய மச்சம்.

கைகளை இழுத்தாள். வரவில்லை. இடுக்கிகளின் பிடிக்குள் மாட்டியிருந்த விரல்கள் தாமாகவே திரும்பின. பதறாமல். சீஃப் சொல்லித் தந்தபடியே.

வெளியே சாவிக்கொத்து குலுங்கியது. "மேடம், முடிஞ்சிதுங்களா? தொறக்கட்டுமா?"

கத்தினாள். தையல்களுக்கு நடுவே காற்று மட்டும் வந்தது.

"இன்னும் பண்ணிக்கினு இருக்கீங்க போல. சரி, அப்பறமா வர்றேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. நாலாவது முடிச்சு நிதானமாக இறங்கியது. டிவியில், மூடிய உதடுகள் அலற முயன்று துடித்தன. ஒரு தையல்கூட நெகிழவில்லை.