வாலுவுக்கு வாங்கிய டேப்

"பொம்மை வாங்கிட்டு வந்திருக்கீங்களேக்கா... பொம்மை!"

அடுப்பு பற்றுவதற்கு முன்பே சின்னவள் பற்றிக்கொண்டாள். கூடத்து மேஜைமேல் பிள்ளைகளுக்கான டேப்லெட் இரண்டு கிடந்தன. ஒன்று மெலிசானது, பேனா வைத்துப் படம் வரையலாம். மற்றதற்குத் தடித்த ரப்பர் உறை, கைப்பிடி, பெரிய பெரிய எழுத்து. கதையைத் தானே வாசித்தும் காட்டும். மெலிசு, பெரியவளின் மகளுக்கு. ரப்பர், சின்னவளின் மகள் வாலுவுக்கு. பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே வயசு, எட்டு!

பெரியவள் வீட்டிலேயே தைப்பவள். ஓரகத்தியான சின்னவள் வங்கி வேலைக்குப் போய்விட்டால் இரண்டு பிள்ளைகளும் இவள் பொறுப்புதான். அதனால்தான் கொழுந்தன், "அண்ணி, நீங்களே பாத்து வாங்குங்க" என்று விட்டுவிட்டான். கடைக்காரன்கூட ரப்பர் உறைக்காரனைக் காட்டிச் சொன்னான், "இது நாலு வயசுக் குழந்தைக்கும்மா" என்று. தெரிந்தேதான் வாங்கினாள்.

"உங்க பொண்ணுக்கு உசத்தி, என் பொண்ணுக்கு மட்டமா? இந்த ஓரவஞ்சனை எத்தனை நாளாக்கா நடக்குது?"

ஓரவஞ்சனையா! பெற்ற மகளைக்கூடத் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு வாலுவை மடியில் போட்டுத் தூங்கவைத்தவளைப் பார்த்தா இந்தச் சொல்! ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் அவள் மகள் கண் மூடித் திறப்பதற்குள் கோத்துவிடுவாள். வாலுவோ ஊசியை மூக்கருகில் கொண்டுபோய்த் தடவிவிட்டு, சிரித்து மழுப்புவாள். புத்தகமும் அப்படித்தான். பாவம் பார்த்து, சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டே பெரியவள் பாடத்தை உரக்க வாசிப்பாள். வாலு கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவாள். வாலுவுக்குப் பாடமெல்லாம் தண்ணிபட்ட பாடு என்று வீடே மெச்சியது.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் முன்பொரு முறை, "பிள்ளை இளைச்சிட்டாளே" என்றதற்கே, "என் பிள்ளைமேல கண்ணு வைக்காதீங்க" என்று வாலுவைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள் சின்னவள். மறுபடி போய்விட்டால்? வாலு இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? அந்தப் பயத்தில் வாயைப் பூட்டிக்கொண்டு, கடையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பெரிய எழுத்து இருந்ததை எடுத்துவிட்டாள். அதோடு தன் கடமை முடிந்தது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள், பாவி!

"வாடி இங்க!" சின்னவள் மகளை இழுத்தாள். மெலிசு டேபைத் திறந்து ஒரு கதையை எடுத்தாள். "உனக்கா பொம்மை? படிச்சுக் காட்டு உன் பெரியம்மாவுக்கு!"

வாலு திரையை மூக்குவரை கொண்டுபோனாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று ஆரம்பித்தாள்.

"மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. வேர்கள் அதைக் குடிக்கின்றன..."

திரையில் இருந்தது ஒட்டகத்தின் கதை.

சின்னவளின் முகம் வெளுத்தது. "என்னடி... என்ன படிக்கிற நீ? இதுல அப்படி இல்லையே!"

"நேத்து நான் வாசிச்ச பாடம் அது." பெரியவள் வாலுவின் கையிலிருந்து டேபை வாங்கி வைத்தாள். "அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. அதான் பெரிய எழுத்தா பாத்து வாங்கினேன்..."

"ஐயோ... பெத்தவ எனக்குத் தெரியாமப் போச்சே! உங்களைப் போய் என்னென்னவோ பேசிட்டேனே... என்னை நாலு அறை அறைங்கக்கா!"

"நான் எந்தக் கையால அறையறது? உனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சும் சொல்லலையே! உன் வாய்க்குப் பயந்து, அவளை விட்டுட்டு இருக்கணுமேன்னு பயந்து... புள்ள கண்ணோட விளையாடிட்டேன்டி!"

சின்னவள் பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நான் அப்படிப் பயமுறுத்தி வச்சிருந்தேனேக்கா... இன்னைக்கே டாக்டர்கிட்டப் போலாம். நீங்களும் வரணும். நீங்க இல்லாம நான் போக மாட்டேன்!" இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

வாலு மிரண்டுபோய்ப் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அழாதீங்க பெரியம்மா... நான் நல்லாத்தானே படிச்சேன்?"

தினமும் கேட்கிற கேள்விதான். தினமும், "ஆமாடா ராசாத்தி" என்றுதான் சொல்லியிருக்கிறாள். பெரியவள் குனிந்து குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"இல்லடா கண்ணு," என்றாள். "நீ படிக்கல."