அனுமதி மறுக்கப்பட்டது

நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. காலை முதல் விடாத தூறல். பிற்பகலிலும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை.

பழைய வீடொன்றின் வாசற்கதவு மூடிவிடாதபடி ஒரு நாற்காலி குறுக்கே வைக்கப்பட்டிருந்தது. கைபேசியால் இயங்கும் பூட்டுகளைப் பழுதுபார்க்கும் பெண், குடையை மடக்கி உள்ளே நுழைந்தாள்.

“நாற்காலிய எடுத்துடாதம்மா. கதவு தானா பூட்டிக்குது,” என்றாள் வீட்டுக்காரி. “எங்க வீட்டுக்காரர் தவறி மூணு மாசமாச்சு. இருந்தப்ப நான் வெளிய போகணும்னா அவர் போன்லருந்துதான் திறக்கணும். இப்ப எங்கண்ணன், இது பேய் வேலை, வீட்டை விட்டுட்டு வந்துடுங்கறான். எங்கம்மா எனக்குக் குடுத்த வீடு. நான் ஏன் போகணும்?”

“வெறும் இணைப்புக் கோளாறுதான்க்கா. இதையெல்லாம் பேய்னு சொன்னா எங்க ஆபீஸ்ல மந்திரவாதியத்தான் வேலைக்கு வைக்கணும்.”

கதவு சாத்தியிருந்தாலன்றிப் பூட்டு புதிய கைபேசியை ஏற்காது. ஆகவே அவள் நாற்காலியை அகற்றினாள், கதவைச் சாத்தினாள். வீட்டுக்காரியின் கைபேசியைச் சேர்க்க முதல் உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்றது திரை. பழக்கதோஷத்தால், சற்றும் யோசியாமல், கோரிக்கையை அனுப்பிவிட்டாள்.

“அவர் போன் எங்கக்கா?”

“அலமாரில. சார்ஜ் போட்டே மூணு மாசமாச்சு.”

பதில் வந்தது.

அனுமதி மறுக்கப்பட்டது.

பூட்டு தானே விழுந்தது. சன்னல்களின் மின்திரைகள் ஒவ்வொன்றாக இறங்க, கூடத்தில் இருள் கவிந்தது. வீட்டுக்காரியின் கணவன் பூசிவந்த சவரத் தைலத்தின் நெடி மெல்லப் பரவிற்று.

பழுதுபார்ப்பவள் பூட்டின் மின்கலங்களை உருவினாள்.

சிவப்பு விளக்கு அணையவில்லை.

அலமாரிக்குள் ஏதோ அதிர்ந்தது.

“அக்கா… கொல்லைப்பக்கம் சுவரேறிக் குதிச்சு ஓடிடலாம்.”

சுவரோடு ஒட்டி நின்ற வீட்டுக்காரி நிமிர்ந்தாள். “உயிரோட இருந்தப்ப வாய மூடிக்கிட்டு இருந்தேன். செத்த பிறகுமா? திருப்புளியக் குடு.”

அவளே பூட்டின் மூடியைக் கழற்றினாள். உள்ளே, பழைய பதிவை அழிக்கும் சிறு பொத்தான் இருந்தது.

“பத்து விநாடி விடாம அழுத்தணும்க்கா,” என்று முணுமுணுத்தாள் மற்றவள்.

நான்காம் விநாடியில் வீட்டுக்காரியின் பிடரியில் ஈரமூச்சொன்று பட்டது.

விரல் அசையவில்லை.

பத்து.

கதவு திறந்துகொண்டது, மழைக்காற்று உள்ளே பாய்ந்தது. வீட்டுக்காரியின் கைபேசி ஒளிர்ந்தது: ‘முதல் உரிமையாளர் இனி நீங்களே.’

பழுதுபார்ப்பவள் பெருமூச்சு விட்டாள். அக்கணமே மீண்டும் திரை மின்னியது. கணவனின் கைபேசி, இணைவதற்கு அனுமதி கேட்டது.

வீட்டுக்காரி மறுத்தாள்.

மீண்டும் கேட்டது. மீண்டும் மறுத்தாள்.

“எத்தனை தடவை வேணாலும் கேளு,” என்றாள், அலமாரியைப் பார்த்து. “இனிமே நீதான் கேக்கணும்.”

மூன்றாவது கோரிக்கையை அவள் மறுத்தபோது, மணி நான்கு பன்னிரண்டு.