ஜன்னலோரப் பலகைகள்

மழை சற்று விட்டிருந்த ஒரு முற்பகலில், தரையில் பதிக்கும் லேமினேட் பலகைப் பெட்டிகளோடு அக்கா வீட்டு வாசலில் போய் இறங்கினேன். பலகை விற்கும் கடையில்தான் எனக்கு வேலை. "ஆளெல்லாம் வேண்டாம்டி, நாமளே போட்டுக்கலாம்" என்று அக்காதான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். அந்த அறைக்குள் வெளியாள் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அது மாமாவின் அறை. அக்கா புருஷன், படகு இன்ஜின் மெக்கானிக். போன மழைக்காலத்தில் அவர் ஏறிய படகு திரும்பவில்லை. உடைந்த மரத்துண்டுகள் கரை ஒதுங்கின, அவர் ஒதுங்கவில்லை. அந்தக் கடல், வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரம். உடம்பைப் பார்க்காததாலோ என்னவோ, அக்கா அழவே இல்லை. அறைக் கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான்.

துவைத்த துணி நாள் கணக்கில் காயாத ஈரக்காற்று. கதவைத் திறந்ததும் பூஞ்சணமும் பழைய கிரீஸும் கலந்த வாடை முகத்தில் வந்து அப்பியது. சிமெண்டுத் தரை முழுக்க வேர்த்திருந்தது.

"இந்தத் தரையைப் பார்த்தாலே அவர் வெறுந்தரையில படுத்திருக்கறதுதான் கண்ணுல நிக்குது. மூடிடணும்" என்றாள் அக்கா.

அவள் மாமியார் நிலைப்படியோடு நின்றுவிட்டார். "மூடுங்கம்மா. ஜன்னல் பக்கம் மட்டும் விட்டுடுங்களேன். அவன் அங்கதானே படுப்பான்."

"பாதித் தரை போட்டா நல்லாவா இருக்கும், அத்தை?"

மாமியார் திரும்பி அடுக்களைக்குப் போய்விட்டார்.

பெட்டிகளைப் பிரித்துப் பலகைகளை அறையிலேயே பரப்பி வைத்தோம். அறையின் ஈரத்துக்குப் பழகாத பலகை பின்னால் வீங்கிக்கொள்ளும். இரண்டு நாளில் அவை பழகியதும், தரையைத் துடைத்துக் காயவிட்டு, சிமெண்டின் ஈரம் மேலே ஏறாமலிருக்கத் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, அதன்மேல் மெத்தென்று ஃபோம் போட்டோம். பலகை விரிந்தால் இடம் வேண்டுமே என்று சுவரோரம் கொஞ்சம் இடைவெளி விட்டோம். பிறகு ஒரு பலகையை இன்னொன்றில் செருகி, விளிம்பில் ஒரு கட்டையை அணைத்துப் பிடித்துச் சுத்தியலால் தட்டினோம். டக். டக். அக்கா முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சுறுசுறுப்பு.

ஜன்னலோரம் வந்து சேர்ந்தோம். தட்டுவதை நிறுத்தினேன்.

டக்.

கீழேயிருந்து.

"எலியா?" அக்கா கிசுகிசுத்தாள்.

"கீழ சிமெண்டு, அதுக்கும் கீழ மண்ணு. எலி என்ன கடப்பாரையோடவா வரும்?"

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோனது.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன். "தரை எழும்பி நிக்குதுடி. வா."

ஈரத்தில் பலகை விரிந்து சுவரை முட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். சுவரோர இடைவெளி விட்டபடியே இருந்தது. ஜன்னலோரத்தில் மட்டும் பலகைகள் மேடு தட்டியிருந்தன. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்த நீளத்துக்கு.

உள்ளங்கையால் அழுத்தினேன். அமிழ்ந்தது.

கையை எடுத்தேன். மெல்ல எழுந்தது.

பிறகு, யாரும் தொடாமலே அமிழ்ந்தது. எழுந்தது. அமிழ்ந்தது.

"பிரி" என்றாள் அக்கா.

சுவரோரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஃபோம் ஊறிக் கிடந்தது. பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது. சிமெண்டில் கசிந்த தண்ணீர் என்றால் ஷீட்டுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். ஓரத்தைத் தூக்கி அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். சிமெண்டு உலர்ந்திருந்தது.

மாமியார் எப்போது உள்ளே வந்தாரோ தெரியாது. குனிந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு. கடல் தண்ணி."

அந்த ஈரத்தின் பக்கத்திலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் எப்படிடா வந்தே?"

"அத்தை, எழுந்திருங்க. பயமா இருக்கு."

"சத்தம் போடாதம்மா. இப்பதான் கண் அசந்திருக்கான்."

அக்கா அப்போதுதான் உடைந்தாள். இரண்டு கையையும் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு, "எங்கங்க போனீங்க? தினமும் உங்களுக்கும் சேர்த்து உலை வச்சேனே. வச்சு வச்சுக் கொட்டினேனே" என்று வாய்விட்டு அழுதாள். மாமியார் எழுந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். நான் சுத்தியலோடு சுவரில் ஒட்டி நின்றேன்.

தண்ணீரை யாரும் துடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அதுவே வற்றி, ஷீட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. அப்படியே விட்டுவிடட்டுமா என்று மாமியாரைக் கேட்டேன்.

"வேண்டாம்மா, மூடிடு. வெறுந்தரை அவனுக்குக் குளிரும்."

வீங்கிய பலகைகளை மாற்றிப் பொருத்தினேன். தரை அதன்பின் எழும்பவில்லை. அக்கா அந்த அறையிலேயே படுக்க ஆரம்பித்தாள்.

மழையெல்லாம் ஓய்ந்து வெயில் சுட்டெரித்த ஒரு மத்தியானம் போனேன். மாமியார் உதட்டில் விரல் வைத்து என்னை வரவேற்றார். அக்கா ஜன்னலோரம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒரு கை மட்டும் பாயைத் தாண்டி நீண்டு, யாருடைய விரல்களையோ கோத்துக்கொண்டது போல மடங்கிக் கிடந்தது.

கை மரத்துப்போகுமே என்று பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை மெல்லப் பிரித்தேன்.

விரலிடுக்கெல்லாம் ஈர மணல்.