வீட்டில்தான் இருக்கிறார்

ஆறு பத்துக்கு ராயப்பராஜ் வீட்டின் தெருப்பக்க ஜன்னல் திறந்தது. ஏட்டு நாச்சிமுத்து கண்காணிப்பு டயரியில் எழுதியிருந்ததும் அதுதான். ஆனால் அவர் அதை ஐந்தரை மணிக்கே எழுதிவிட்டார். அதுவும் போகட்டும், ராயப்பராஜ் அந்த வீட்டிலேயே இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் விடிகிற நேரத்தில் போலீஸ் வேன் அவரை ஏற்றிக்கொண்டு சிறுமலை ரோட்டில் போனது. எதிரே ஒச்சம்மாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தவரே நாச்சிமுத்துதான்.

அறுபத்திரண்டாம் வருஷத்துப் பார்லிமென்ட் தேர்தலுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. ராயப்பராஜ் எதிர்க்கட்சி வேட்பாளர். திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புத் தொழிலாளர் ஓட்டு மொத்தமும் அவர் பக்கம். அவரைப் பிடித்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. “வழக்கம்போல எழுதுய்யா, ஆளு வீட்லதான் இருக்கான்னு. கோர்ட்டு கேட்டா உன் டயரியத்தான் காட்டணும்” என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

வழக்கம் என்பது ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கடிகாரம்போல வாழ்கிற மனிதரை நாளெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதுவானேன்? அன்றைய பொழுதைக் காலையிலேயே எழுதி முடித்துவிட்டு ஏட்டுகள் நிம்மதியாக டீ குடிப்பார்கள். ஆறு பத்துக்கு ஜன்னல், ஏழரைக்கு வாசலில் சுருட்டு, பதினொன்றுக்கு மூன்று இருமல். ராயப்பராஜ் ஒருநாளும் ஏட்டை ஏமாற்றியதில்லை.

இரண்டு நாளாகத் திறக்காத ஜன்னலை இன்று அவர் மனைவி செபஸ்தியம்மாள் திறந்திருப்பாள் என்று நாச்சிமுத்து மனசைத் தேற்றிக்கொண்டார். அப்போதுதான் தெருக்கோடியில், காலைப் பூசை முடிந்து, தலையில் முக்காட்டோடு அவளே வருவதைப் பார்த்தார். அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே பெஞ்சுக்கு வந்தாள்.

“ஏட்டய்யா, அவர எங்கிட்டுக் கொண்டு போனாங்க? அத மட்டும் சொல்லுங்க. மதுர வக்கீலு கேக்குறாரு. உசுரோட இருக்கறப்பவே சொல்லிருங்கய்யா.”

சிறுமலை. ஒரே ஒரு சொல். சொன்னால் வேலை போகும்; வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இரண்டு பேர்.

“வீட்லதானம்மா இருக்காரு” என்றார் நாச்சிமுத்து. சொல்லும்போதே அவருக்கு அவமானமாக இருந்தது. அவள் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்குப் போனாள்.

ஏழரைக்கு, ஊறவைத்த தோலின் முடை நாற்றமும் ஒச்சம்மாளின் அடுப்புப் புகையும் கலந்து கிடந்த தெருவில், பூட்டிய வாசல் பக்கமிருந்து சுருட்டு வாடை மெதுவாக, அவசரமே இல்லாமல், வண்டிச் சக்கரங்களையும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் தாண்டி வந்து பெஞ்சைச் சுற்றிக்கொண்டது. வாசலில் யாரும் இல்லை.

பதினொன்றுக்குப் பூட்டிய வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். மூன்று தடவை.

“வீடு பூட்டிக் கெடக்கே, யாரு இருமுறது?” என்றாள் ஒச்சம்மாள். அப்படியானால் அது நாச்சிமுத்து காதுக்கு மட்டும் கேட்டதில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று டயரியைத் திறந்து, ராயப்பராஜ் ஒருநாளும் செய்யாத காரியம் ஒன்றை எழுதினார்: நாலு மணிக்குச் செம்பைக் கீழே உருட்டினார்.

நாலு மணி ஆனது. உள்ளே செம்பு உருண்டது. தரையெல்லாம் உருண்டு, சுவரில் முட்டி, நின்றது.

ஐந்து மணிக்குச் செபஸ்தியம்மாள் திரும்பி வந்தாள். உள்ளே போகாதே என்று நாச்சிமுத்து கத்த நினைத்தார். அதற்குள் அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். அலறல் இல்லை. அழுகை இல்லை. ஒன்றுமே இல்லை.

அரை மணி கழித்துக் கையில் டம்ளரோடு வந்தாள்.

“காப்பி. அவருக்குப் போட்டேன், குடிக்க மாட்டேங்குறாரு. பேசவும் மாட்டேங்குறாரு. கையெல்லாம் சில்லுனு கெடக்கு ஏட்டய்யா. வீட்ல இருக்காருன்னு நீங்க சொன்னீங்க, வந்துட்டாரு. நீங்க எழுதுனா குடிப்பாரோ என்னமோ.”

“அம்மா, அவர கொண்டு போனது…” என்று நாச்சிமுத்து எழுந்தார். ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்காமலே குனிந்து மெல்லச் சொன்னார். “எழுதுய்யா. அஞ்சே முக்காலுக்கு வீட்ட விட்டுத் தனியா வெளிய போனான். அம்புட்டுதான். நாளையிலருந்து இந்த டூட்டி கெடையாது.”

“ஐயா, அப்ப அவரு…”

“எழுதுய்யா.”

இனி எங்கே, எப்படி ராயப்பராஜ் செத்துக் கிடந்தாலும் போலீஸுக்குச் சம்பந்தமில்லை. அது நாச்சிமுத்துக்கு நன்றாகவே புரிந்தது. செபஸ்தியம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்க்காமல் எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

எதிரே கதவு திறந்தது.

வெயில் இன்னும் இறங்கவில்லை. ராயப்பராஜ் படியிறங்கி வந்தார். பிடித்துக்கொண்டு போனபோது போட்டிருந்த அதே பனியன். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரோ ஒருவன் “தலைவரே” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

தெருவைக் கடந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். ஏட்டின் தோளோடு தோள். ஜில்லென்று.

குனிந்தார். வாயைத் திறந்தார்.

மண்.

ஈர மண். சிறுமலைக் காட்டு வேரும் சருகுமாக. டயரியின் மேல் கொட்டியது. எழுதியது மறைந்தது. ஏட்டின் கை மறைந்தது. நிற்கவில்லை. கொட்டிக்கொண்டே இருந்தது.

செபஸ்தியம்மாள் புருஷன் முன்னால் மண்டியிட்டு, முந்தானையை விரித்து, அந்த மண்ணை ஏந்தத் தொடங்கினாள்.