இருக்கையில் உள்ளார்

குழந்தைக்குப் பால் புகட்டிவிட்டுத் திரும்பியபோது அவளுடைய கட்டம் பச்சையாகவே இருந்தது.

சாம்பலாக மாறியிருக்க வேண்டும். கீழே ‘இருக்கையில் இல்லை’ என்று வந்திருக்க வேண்டும். புட்டி காலியாகும்வரை இருந்து, குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டி, ஏப்பம் வந்த பிறகே கிடத்திவிட்டு வந்தாள். திரை ‘இருக்கையில் உள்ளார்’ என்றது.

இணையத்தில் தேர்வு எழுதுகிறவர்களைக் கண்காணிப்பது அவள் வேலை. திரை முழுக்க முகங்கள்; அவர்களுக்கும் அவள் முகம் தெரியும். யாராவது எழுந்து நகர்ந்தால் மென்பொருள் அவர்கள் கட்டத்தைச் சாம்பலாக்கி மணியடிக்கும், அவள் எச்சரிப்பாள். அதே மென்பொருள் அவளையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கட்டம் மேற்பார்வையாளரின் திரையிலும் தெரியும். கண்காணிப்பாளர்கள் அவருக்கு வைத்த பெயர் கழுகு. அடிக்கடி சாம்பலாகிறவர்களைக் கழுகு மறுவாரம் கூப்பிடமாட்டார்.

வேலையில் சேரும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி.

“கைக்குழந்தைங்கிறீங்க. பாத்துக்க வீட்ல ஆள் இருக்கா?”

“இருக்கு சார்.”

கூசாமல் சொன்னாள். ஆள் யாரும் இல்லை. கணவன் பட்டறைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். இந்த வேலையும் போனால் குழந்தையை விட்டுவிட்டு வெளியே வேலை தேட வேண்டும். அதற்கு அவள் மனம் ஒப்பவில்லை.

குழந்தை பின்னறையில் கிடக்கும். தொட்டிலுக்கு மேலே கணவன் ஒரு கேமராவை மாட்டியிருந்தான். யார் உள்ளே வந்தாலும் சுற்றிக் கட்டம் போட்டு, ‘அம்மா’ என்றோ ‘அப்பா’ என்றோ அவள் கைபேசியில் காட்டும். அவன் மீசையை எடுத்த அன்று ‘அந்நியர்’ என்றது. அன்று முழுக்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனாலும் கட்டம் ஏன் சாம்பலாகவில்லை என்று தொழில்நுட்பப் பிரிவில் இருந்த பெண்ணிடம் மெல்ல விசாரித்தாள்.

“அது ரொம்ப சாதாரணம்க்கா. மொத நாள் ரெண்டு படம் எடுக்கும். நீங்க உக்காந்திருக்கிறது ஒண்ணு. எழுந்து போனப்புறம் காலி நாற்காலி ஒண்ணு. ரெண்டையும் வச்சுத்தான் ஆள் இருக்கா இல்லையான்னு சொல்லும். நீங்க மொதப் படத்துக்கே எழுந்து போயிட்டீங்களா?”

நினைவு வந்தது. அன்று ‘அசையாமல் உட்காருங்கள்’ என்று திரை சொன்ன நேரத்தில் குழந்தை வீறிட்டது. அவள் ஓடினாள். முதுகுக்குப் பின்னால் படம் எடுக்கும் சத்தம் கேட்டது.

“அப்போ சரி. காலி நாற்காலியத்தான் நீங்கன்னு நெனச்சிட்டிருக்கு. இனிமே சம்பளத்த அதுக்கே போட்டுரலாம்” என்று சிரித்தாள் அந்தப் பெண். “சரி பண்ணட்டா?”

“இப்ப தேர்வு ஓடுது. அப்புறம் பாத்துக்கலாம்.”

அப்புறம் அவள் கூப்பிடவே இல்லை. குழந்தை அழுதால் ஓடினாள். குளிப்பாட்டினாள். தூங்கும்வரை மடியில் வைத்திருந்தாள். கட்டம் பச்சையாகவே இருந்தது. ஒருநாள் கழுகே பாராட்டினார். “உங்களைப் பாத்துக் கத்துக்கச் சொல்லியிருக்கேன். ஆடாம அசையாம என்னமா உக்காந்திருக்கீங்க!”

அந்தப் பாராட்டு அவளுக்குச் செரிக்கவில்லை. காலி நாற்காலி பச்சையாகத் தெரியலாம். கழுகின் கண்ணுக்குமா அதில் ஆள் தெரியும்?

மழை பிடித்துக்கொண்டது. பிற்பகலிலேயே அறை இருண்டு, சுவர்களில் ஈரவாடை ஏறி, திரையின் நீல வெளிச்சம் மட்டும் நாற்காலியின் முதுகில் படிந்திருக்க, பின்னறையில் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தவளின் காதில் மழைக்கு ஊடே அந்தச் சத்தம் விழுந்தது. பழைய சுழல்நாற்காலியின் முனகல். உட்கார்ந்திருக்கிறவர் பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றினால்தான் அது அப்படி முனகும்.

போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. உட்கார்ந்தாள்.

இருக்கை சூடாக இருந்தது. துவட்டாத முடியின் வாடை அடித்தது.

தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரர் கையைத் தூக்கினார்.

“மேடம், தப்பா நெனக்காதீங்க. முடிய ஒதுக்கிக்கிட்டுப் பாருங்களேன். இவ்வளவு நேரம் அப்படியே பாத்துட்டிருந்தீங்க, எழுதவே ஓடல.”

அவள் கை தானாகத் தலைக்குப் போனது. காலையில் போட்ட கொண்டை இறுக்கமாக இருந்தது.

தேர்வு முடிந்ததும் தொழில்நுட்பப் பெண்ணைக் காணொளியில் அழைத்தாள்.

“அந்தப் படத்தத் தூக்கிரும்மா. இப்பவே.”

“எதுக்குக்கா பதற்றம்? இருங்க.” தட்டச்சுச் சத்தம். பிறகு அது நின்றது. “அக்கா, அன்னிக்கு உங்க பேச்ச வச்சுக் காலின்னு சொல்லிட்டேன். இப்பத்தான் படத்தத் தெறக்கிறேன். உக்காந்துதானே இருக்கீங்க?”

“நான் எழுந்து போயிட்டேன்.”

“இல்லியே. முடிய முன்னால போட்டுக் குனிஞ்சிருக்கீங்க. மூஞ்சி தெரியல.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“அப்போ உங்க வீட்ல இருக்கிறவங்களா இருக்கும்க்கா. ஆள் இருக்குன்னு சொல்லியிருக்கீங்கல்ல?”

“அழிச்சிரு.”

“அழிச்சாச்சு. இப்போ நீங்க உக்காருங்க. புதுசா எடுக்கிறேன்.”

மூச்சை அடக்கி உட்கார்ந்தாள். படம் எடுக்கும் சத்தம்.

“இப்ப எழுந்து தள்ளிப் போங்க.”

சுவரோரம் போய் நின்றாள். மீண்டும் சத்தம். கட்டம் சாம்பலாயிற்று. இருக்கையில் இல்லை. இத்தனை நாளில் முதல் முறை. அவளுக்கு அழுகை முட்டியது. நிம்மதி.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கட்டம் சாம்பலாகவே இருந்தது.

“உக்காருங்கக்கா.”

“உக்காந்துட்டேன்.”

“அக்கா?”

கையை ஆட்டினாள். திரையில் காலி நாற்காலி. அதற்குப் பின்னால் திரைச்சீலை மட்டும் ஆடியது.

“எங்க போயிட்டீங்க? அக்கா, கேக்குதா?”

“இங்கதான் இருக்கேன்!”

“சரி, வந்துட்டுக் கூப்பிடுங்க.” இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நாற்காலியில் சாய்ந்தாள். அது முனகவில்லை. இடுப்பை அசைத்தாள். முனகவில்லை.

பின்னறையில் குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டது.

எழுந்து ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. தள்ளினாள். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் அடித்தாள். ஓசை எழவில்லை.

உள்ளே அழுகை நின்றது.

கைபேசி அதிர்ந்தது.

தொட்டில் தெரிந்தது. அதன்மேல் ஒரு முதுகு குனிந்திருந்தது. ஈர முடி குழந்தையின் வயிற்றின்மேல் தொங்கியது. சுற்றிலும் கட்டம் விழுந்தது.

அந்நியர்.

முதுகு நிமிர்ந்தது. முகம் கேமராவை நோக்கி மெல்ல உயர்ந்தது. ஒரு கை முடியை ஒதுக்கியது.

அம்மா.

குழந்தை சிரித்தது. தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.