ஒரு சொட்டு லீக் இல்லை

றொசல்லை ஊருக்கு முன்னால், மண்சரிவை அள்ளுவதற்காக வாகனங்களை நிறுத்தி வைத்திருந்த இடத்தில்தான் டிலுக்ஷி அதைக் கவனித்தாள். பக்கத்து ஆசனத்தில் அவள் கணவன் ஜெரோமியின் வலது முழங்கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் காலை அசைக்கவில்லை. பிரேக்கை மிதித்தபடி தாடையைச் சொறிந்துகொண்டு மழையைப் பார்த்திருந்தான். ஆனாலும் சேற்றில் ஊன்றிய கம்பு போல அந்தக் கால் தானாகத் தாழ்ந்தது. முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்கம் ஒரு சாண் நெருங்கி வந்தது. அவன் சட்டென்று காலை எடுத்து இரண்டு தடவை மிதித்தான். கார் நின்றது.

"என்னங்க, ரிஃகான் சொன்னாருல்ல..."

"அவனுக்கு வேல வேணும். அதுக்கு சொல்றான்."

ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் ரிஃகான் காலையில் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, எழும்பி வந்து மெதுவாகத்தான் சொன்னார். "மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்கு போயிருக்கு சேர். மிதிச்சா புடிக்கும், மிதிச்சிக்கிட்டே இருந்தா விட்ரும். ஒயில் வெளிய ஒழுகாது, அதனால பாத்தா தெரியாது. வண்டிய வச்சிட்டு பஸ்ஸுல போங்க."

பஸ் என்றதும் ஜெரோமி சிரித்தான். தோட்டத்துத் தொழிற்சாலையின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிளாக்கர், பஸ்ஸில் வந்து இறங்குவதா? அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணமான புதிதில் கார் ஓட்டப் பழக வேண்டும் என்று அவள் கேட்டதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். கோபம் வந்தால் அடிக்க மாட்டான். அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிடுவான். மழையென்றால் மழையில் நிற்பாள், லயத்து வரிசைவீட்டுச் சனங்கள் பார்த்தும் பார்க்காதது போல் கடந்து போக.

பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துப் பாதையில் திரும்பியபோது மாலைப் பனிமூட்டம் இறங்கிவிட்டது. தேயிலைச் செடிகளின் மேல் ஊர்ந்து வந்த வெண்பனி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள, வைப்பர் அதைத் தேய்க்கத் தேய்க்க ரப்பர் முனகியது. நனைந்த மண்ணின் வாடையும் தூரத்தில் வறுபடும் கொழுந்தின் மணமும் உள்ளே கலந்தன. பாதை அவர்களைக் கீழே, இன்னும் கீழே என்று இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு வளைவிலும் பெடல் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. முதலில் ஒரு மிதியில் நின்ற கார் பிறகு இரண்டு மிதி கேட்டது. பிறகு மூன்று. ஜெரோமியின் பிடரியில் வியர்வை பூத்திருந்தது. அவன் பாட்டு முணுமுணுப்பதை நிறுத்திவிட்டிருந்தான்.

"கும்புட்டு கேக்குறேன். நிறுத்துங்க. நடந்தே போயிருவோம்."

அவள் கெஞ்சியதுதான் தவறாகிப் போனது. அடுத்த வளைவில், பள்ளத்தை மறித்துக் கட்டியிருந்த குட்டைச் சுவருக்கு முன்னால் அவன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, கியரில் போட்டு, எஞ்சினை அணைத்தான்.

"எறங்குடி. இங்க வந்து ஒக்காரு. நீயே மிதிச்சிப் பாரு."

அவள் அந்த ஆசனத்தில் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அவன் அவளுடைய காலைப் பிடித்துப் பெடலின் மேல் வைத்தான். கையை நீட்டி கியரை விடுவித்து, எஞ்சினை ஓடவிட்டான். ஹேண்ட் பிரேக் அறுந்து வெகுநாள். சரிவில் நின்ற காரை அவள் கால் மட்டுமே பிடித்திருந்தது. பெடல் கல்லைப் போல உறுதியாக இருந்தது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"பாத்தியா? கால எடுத்தே, கொன்னுருவேன்." சிரித்துக்கொண்டே முன்னால் போய், சுவருக்கும் காருக்கும் நடுவில் நின்று பொனெட்டைத் தூக்கினான்.

அவன் மறைந்து போனான். கண்ணாடி முழுக்கத் தகரம். அதன் அடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. அதில் அவன் சட்டையின் ஒரு துண்டும், அசையும் விரல்களும்.

"ஒயில் முட்ட முட்ட இருக்கு," குரல் வந்தது. "ஒரு சொட்டு லீக் இல்ல. அந்த ரிஃகானுக்கு இருக்கு நாளைக்கு!"

அப்போது அவள் பாதத்துக்கடியில் ஏதோ இளகியது. பெடல் இறங்கிக்கொண்டிருந்தது. வழுக்கவில்லை, துள்ளவில்லை, தூங்குகிறவனின் மூச்சு போல நிதானமாக. அவள் பலமாக மிதித்தாள். இன்னும் வேகமாக இறங்கியது.

"என்னங்க, வெலகுங்க! எறங்குது!"

"என்னா?"

கார் நகர்ந்தது. மெல்ல. கதவு மூடுவது போல ஒரு சத்தம். பிறகு அவன் அலறல்.

"கால எடுக்காத! அடியே, கால எடுக்காத!"

"நா எடுக்கல! மிதிச்சிக்கிட்டுதான் இருக்கேன்!"

பெடல் தரையைத் தொட்டது. காலைத் தூக்கி மறுபடி மிதித்தால் பிரேக் திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியும். வழி நெடுக அவன் செய்ததைப் பார்த்திருக்கிறாள். ஆனால் தூக்குகிற அந்தக் கணம்? தூக்கினாள். கார் ஒரு விரல் முன்னால் போனது. அவன் குரல் உடைந்தது. மிதித்தாள். நின்றது. மறுபடி இறங்கத் தொடங்கியது.

கார் ஓட்டப் பழகாத கை கியருக்குப் போனது. உள்ளே இரும்பு கரகரத்தது.

"ஒண்ணயும் தொடாத! டிலு... வேணும்னே செய்யாதடி."

அவள் கியரிலிருந்து கையை எடுத்தாள்.

"மழையில நிக்க வச்சதுக்கா? தப்புதான். எல்லாந் தப்புதான். தெரியும் எனக்கு. தெரிஞ்சேதான் செஞ்சேன். போதும்டி. விட்ரு."

"ஐயோ, நா செய்யல! வண்டிதான்! நம்புங்க!"

அவன் நம்பவில்லை. அவனுக்கு அவள் கால் தெரியவில்லை. அவளுக்கு அவன் முகம் தெரியவில்லை.

அவள் ஹோர்னை அழுத்தினாள். விடாமல். பனிமூட்டத்துக்கு அப்பால், மேலே எங்கோ, ஒரு பஸ் பதிலுக்கு ஹோர்ன் அடித்தது. இந்த வளைவுகளில் எல்லோரும் அடிப்பதுதான். அதன் சத்தம் தேய்ந்து போனது.

தூக்கு. மிதி. இறங்குகிறது. தூக்கு. மிதி.

ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு விரல்கடை. ஒவ்வொரு விரல்கடைக்கும் ஒரு சத்தம். முதலில் வார்த்தையாக, பிறகு வார்த்தை இல்லாமல். கெண்டைக்கால் இறுகிக் கல்லானது. பிடி கிடைக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

தூக்கினாள். மிதித்தாள்.

ஒன்றுமே இல்லை. காற்றை மிதித்தது போல.

எஞ்சின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. பொனெட்டுக்கு அடியில், அந்த இடுக்கில், தகர விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அவள் மிதித்துக்கொண்டே பார்த்தாள். அவை ஒவ்வொன்றாக விரிந்தன.